செம்மண் சாலையிலிருந்து தார்த் தரைக்கு: ஆர்.சி. டூரிங் காரின் வரலாறும் கடாரத்துப் பிள்ளைகளும்

கடாரம் என்ற பெயரைக் கேட்டதும் பூஜாங் பள்ளத்தாக்கும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் அனுப்பிய கடற்படையும் நம்மவர் நினைவில் எழும். அவற்றைப் பற்றி எழுத அறிஞர் பலர் உள்ளனர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை அடி. எடை ஒன்றரைக் கிலோ. வானொலி அலையால் இயங்கும் பந்தய மகிழுந்து அது. பிள்ளைகள் அதனை ஆர்.சி. கார் என்பர். அதிலும் டூரிங் கார் என்னும் வகையின் வரலாற்றை மட்டுமே இங்குச் சொல்லப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் வினவலாம். (என் துணைவியாரே வினவியிருக்கிறார்.) வரலாறு மன்னர்களோடு முடிவதில்லை என்று வகுப்பறையில் முழங்கிவிட்டு, என் வீட்டுப் பின்கட்டில் பெட்டிக்குள் கிடக்கும் வரலாற்றை எழுதாமல் விடுவது முறையன்று என்பதே என் விடை.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் பீடோங்குக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையில் இருந்தது. 1970களில் எங்களுக்கு விளையாட்டுக் கார் வாங்கித் தருவார் எவருமில்லை, நாங்களே செய்துகொண்டோம். உடல், சார்டின் மீன் டின். அச்சு, சைக்கிள் கம்பி. சக்கரம், வார் அறுந்துபோன ஜப்பான் சிலிப்பர். சிலிப்பரை வட்டமாக அறுப்பதற்கு அப்பாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்து அடி வாங்காத பையன் எங்கள் லயத்தில் இல்லை. அறுப்பு மயிரிழை கோணினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது என் அண்ணன் அச்சுக் கம்பியை விரலால் மெல்ல வளைப்பார், கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், மீண்டும் வளைப்பார். சக்கரக் கோணத்தைச் சீர்செய்தல் என்று பொறியியலில் அதற்கொரு பெயர் உண்டு என்பதை நான் அறிந்துகொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின.

நாங்கள் சார்டின் டின்னை இழுத்துக்கொண்டு ஓடிய அதே ஆண்டுகளில், அந்தச் சிலிப்பருக்குப் பெயர் தந்த ஜப்பானில் வேறொரு கார் உருவாகிக்கொண்டிருந்தது.

ஆர்.சி. காரைத் தமியா நிறுவனம்தான் கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1960களின் நடுவிலேயே இத்தாலியில் அத்தகைய கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பிறகு எரிபொருளால் ஓடும் பெரிய வகைகளும் ஐரோப்பாவில் பரவின. ஆனால் அவை விலை மிகுந்தவை, இரைச்சல் மிகுந்தவை. எளியவர் வீட்டு முற்றத்துக்கு அதனைக் கொண்டுவந்த பெருமையைத் தமியாவுக்குக் கொடுக்கலாம். சிசுவோக்கா நகரில் 1946ஆம் ஆண்டில் மர வணிகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. மரப் பொம்மைகளிலிருந்து நெகிழி மாதிரிகளுக்கு மாறியது. நிறுவனரின் மகன் சுன்சாக்கு தமியா, மாதிரி துல்லியமாக அமைய வேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷ 911 மகிழுந்து ஒன்றை விலைக்கு வாங்கி, அதனைத் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்தார் என்பது அத்துறையில் புகழ்பெற்ற செய்தி. அவ்வளவு செலவழித்து உருவாக்கிய போர்ஷ 934இன் உடலுக்குள் மின்னோடியையும் வானொலிக் கருவியையும் பொருத்தி, 1976ஆம் ஆண்டில் ஆர்.சி. காராக வெளியிட்டார். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. சுன்சாக்கு தமியா 2025ஆம் ஆண்டில் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அச்செய்திதான்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தது 1876ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றின் வழிவந்த மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் கெடாவுக்கு அழைத்துவரப்பட்டனர். 1876, 1976. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஆண்டுகளை மனனம் செய்யும் பழக்கமுள்ள ஆசிரியனுக்கு இது கண்ணில் படாமல் போகாது.

முதல் போர்ஷவுக்குச் சமதளம் தேவைப்பட்டது. அடிப்பாகம் தரையை ஒட்டியிருந்ததால் சிறு கல்லும் அதனைத் தடுத்தது. ஆகவே தமியா 1979ஆம் ஆண்டில் மணலிலும் மேட்டிலும் ஓடும் பக்கி வண்டிகளுக்குத் திரும்பியது. 1984ஆம் ஆண்டில் வெட்டுக்கிளி என்று பொருள்படும் ‘கிராஸ்ஹாப்பர்’ வந்தது. எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாரின் மகனிடம் அந்த வெட்டுக்கிளி இருந்தது. பெரட்டுக் களத்தின் செம்மண்ணில் அவன் அதனை ஓட்டும்போது நாங்கள் சுற்றி நிற்போம். சாக்கடையில் விழுந்தால் இறங்கி எடுத்துத் தரும் உரிமை எங்களுக்கு உண்டு. ஓட்டும் உரிமை இல்லை. அவனைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வண்டியின் விலை என் பெற்றோர் இருவரும் சேர்ந்து பல வாரம் பால் வெட்டி ஈட்டும் தொகை.

அக்காலப் பக்கி வண்டிகளில் நுணுக்கமாகச் சீரமைக்க அதிகம் இல்லை. மேடு பள்ளத்தில் குதித்துத் தாவும் வண்டிக்கு அரைப்பாகைக் கோணத்தால் ஆவதொன்றுமில்லை. செம்மண்ணில் ஓட்டுநரின் துணிவே பாதி வெற்றி.

1990களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. பெரிய மகிழுந்துகளின் உலகில் அது டூரிங் கார் பந்தயங்களின் பொற்காலம். நாம் அன்றாடம் சாலையில் காணும் கார்களின் உருவிலேயே ஓடும் பந்தயங்கள் அவை. அதனால் பார்வையாளருக்கு நெருக்கமானவை. ஜப்பான் டூரிங் கார் தொடரில் நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களிலும் வென்றது. ஜெர்மனியின் தொடரில் 1993ஆம் ஆண்டில் இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ 155 பட்டம் வென்று ஜெர்மானியரைத் திகைக்கச் செய்தது. இக்கார்களின் சிறு வடிவங்களை ஓட்டிப் பார்க்கும் ஆசை எங்கும் எழுந்தது.

அந்த ஆசைக்குத் தமியா கண்ட வழிதான் இக்கட்டுரையின் மையம். 1991ஆம் ஆண்டில் டி.ஏ.01 என்னும் அடிச்சட்டம் வெளிவந்தது. முற்றிலும் புதிதாக வரையப்பட்டதன்று அது. முந்திய ஆண்டில் வெளிவந்த ‘மாண்டா ரே’ என்னும் நான்கு சக்கர இயக்கப் பக்கி வண்டியையே எடுத்து, உயரத்தைக் குறைத்து, கைகளைச் சுருக்கி, வழுவழுப்பான ரப்பர்ச் சக்கரங்களை மாட்டி, மேலே டொயோட்டா செலிக்காவின் உடலைக் கவிழ்த்தனர். சேற்றில் பிறந்த வண்டி தார்த் தரைக்கு வந்தது. நான்கு சக்கரமும் இயங்கியதால் அது எளிதில் சுழன்று விழவில்லை. தணிப்பான்கள் இருந்ததால் சிறு மேடுகளைத் தாங்கியது. தனித் திடலோ கம்பளம் விரித்த கூடமோ வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் வாகன நிறுத்துமிடம் போதும். யொகோமோ, கியோஷோ, எச்.பி.ஐ. முதலிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகைக்கு முதல் உலகப் போட்டி நடந்தது.

கெடாவில் நம் மக்கள் செம்மண்ணிலிருந்து தார்த் தரைக்கு வந்ததும் ஏறத்தாழ இவ்வாண்டுகளில்தான். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. குரூணில் மொடெனாஸ் தொழிற்சாலை ‘கிறிஸ்’ மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த பால்மரங்கள் வீழ்ந்தன. சில இடங்களில் செம்பனை நடப்பட்டது, பல இடங்களில் தாமான்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. எங்கள் லயமும் இடிக்கப்பட்டது. சிலருக்கு வீடு கிடைத்தது. பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வாடகைக்குக் குடியேறினர். இம்மாற்றத்தை வளர்ச்சி என்று சொல்வாரோடு நான் முழுமையாக உடன்பட்டதில்லை. ஆயினும் அடுக்குமாடிப் பையனின் காலடியில் இப்போது தார் இருந்தது. சென்னைக்கு அருகில் சோழவரத்தின் பழைய வானூர்தி ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்ததாகப் படித்திருப்பீர்கள். சமதளம் கிடைத்தால் பந்தயம் தானாக வரும்.

2002ஆம் ஆண்டு நம் வட்டாரத்துக்குச் சிறப்பானது. மலேசியரான கரம்ஜிட் சிங் புரோட்டான் மகிழுந்தில் உலகத் தயாரிப்புக் கார் ராலிப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆர்.சி. டூரிங் கார் உலகப் போட்டியில், தாய்லாந்தைச் சேர்ந்த சுரிகான் சைதேஜ்சூரியா தமியா காரை ஓட்டிப் பட்டம் வென்றார். முதற்செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. இரண்டாவது, எங்களைப் போன்ற சிலருக்குள் மட்டும் பரவியது. ஆனால் எங்களை அசைத்தது இரண்டாவதுதான். எல்லைக்கு அப்பால், எங்களைப் போலவே வெயிலில் காயும் தார்த் தரையில் பழகிய ஒருவர் உலகை வென்றிருக்கிறார்! 2008ஆம் ஆண்டில் உலகப் போட்டியே பேங்காக்குக்கு வந்தது. ஜெர்மனியின் மார்க் ரைனார்ட் வென்றார். அக்காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் செல்லும் தொடர்வண்டி இருந்தது. கையில் கடப்பிதழும் இருந்தது. நான் போகவில்லை. இன்றும் வருந்துகிறேன்.

இனி என் சிறு பங்கு. தமியா 2003ஆம் ஆண்டில் டி.டி.01 என்னும் மலிவான அடிச்சட்டத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதனை வாங்கினேன். சுங்கைப்பட்டாணியில் புதிதாகக் கட்டி, பாதி பூட்டிக் கிடந்த ஒரு கடைவரிசையின் வாகன நிறுத்துமிடத்தில் மாதம் ஒருமுறை பந்தயம் நடக்கும். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். சுண்ணாம்புக் கோடும் பழைய தீயணைப்புக் குழாயும் எல்லை. பந்தயம் ஐந்து நிமிடம். அன்றைய மின்கலம் அவ்வளவுதான் தாங்கும். ஒரே அலைவரிசைப் படிகத்தை இருவர் பயன்படுத்தினால் கார் எவர் சொல்லையும் கேளாது. ஆகவே கருவியின் கம்பியில் அலைவரிசைக்குரிய வண்ண நாடாவைக் கட்டிக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அந்த நாடாக்கள் மறைந்தன.

எனக்குத் துணையாக வந்தவன் என் முன்னாள் மாணவன். அப்போது இரண்டாம் படிவம். இடிக்கப்பட்ட ஒரு லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பம். கணிதத்தில் விகிதம் என்றால் அவனுக்குக் கசப்பு. ஆனால் பற்சக்கரத்தைக் கையில் கொடுத்தபோது கசப்பு போய்விட்டது. டி.டி.01இன் பெரிய பற்சக்கரத்தில் 61 பற்கள். மின்னோடியின் தண்டிலுள்ள சிறிய பற்சக்கரத்தில், அதாவது பினியனில், 19 பற்கள். 61ஐ 19ஆல் வகுத்து, உட்பற்சக்கரங்களின் விகிதமாகிய 2.6ஆல் பெருக்கினால் 8.35. மின்னோடி 8.35 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். பினியனை 22 ஆக்கினால் விகிதம் 7.21. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். எனவே மின்னோடியின் ஒரு சுழற்சிக்கு முன்பு 24 மில்லிமீட்டர் நகர்ந்த கார் இப்போது 28 மில்லிமீட்டர் நகரும். அந்த நான்கு மில்லிமீட்டருக்கு விலை உண்டு: தொடக்க விசை குறையும், மின்னோடி சூடேறும். நீண்ட நேர்ப்பாதைக்குப் பெரிய பினியன், வளைவு மிகுந்த பாதைக்குச் சிறியது. இதை அவன் மூன்று நிமிடத்தில் புரிந்துகொண்டான். அடுத்த ஆண்டு என் ஆறாம் ஆண்டு வகுப்பில் விகிதப் பாடத்தை இந்தப் பற்சக்கரங்களைக் கொண்டே தொடங்கினேன்.

சீரமைப்புச் சொற்கள் யாவும் ஆங்கிலம். அவன் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தமிழில் குறிப்பெழுதினான். சொற்களை அவனே படைத்தான். தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடைவெளி ‘வயிற்றுயரம்’. பந்தயக் காருக்கு அது ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எங்கள் நிறுத்துமிடத்தின் விரிசல்களுக்கு ஏழு வேண்டியிருந்தது. கேம்பர் என்பது ‘சாய்வு’: சக்கரத்தின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு பாகை உட்புறம் சாய்த்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் முழுமையாகப் படியும். சரியா என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. ஓட்டம் முடிந்ததும் டயரின் தேய்மானத்தைத் தடவிப் பார். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வு மிகுதி. டோ என்பது ‘மூக்கு’. பின்சக்கரங்களின் மூக்கு சற்றே உள்நோக்கினால் வால் அமைதியாகும். மிகுந்தால் வேகம் குறையும். அடிச்சட்டம் கோணியிருப்பது ‘முறுக்கு’ (இச்சொல்லைக் கேட்டு மற்ற பையன்கள் சிரித்தார்கள்). காரைச் சமதளத்தில் வைத்து, பின்புறத்தின் நடுவில் திருப்புளி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கு. ஒரு சக்கரம் முந்தி எழுந்தால் முறுக்கு உண்டு. முறுக்குள்ள கார் இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திரும்பும். அதனை நீக்காமல் வேறெதைத் திருத்தியும் பயனில்லை.

முன் சுருள்வில் கடினமானால் கார் வளைவில் திரும்ப மறுக்கும். பின் சுருள்வில் கடினமானால் வால் வீசும். பெட்டியோடு வந்த தணிப்பான்கள் வெறும் உராய்வால் இயங்குபவை. அவற்றை மாற்றிச் சிலிக்கோன் எண்ணெய்த் தணிப்பான்கள் போட்டோம். குளிர்நாட்டார் எழுதிய அளவுகள் இங்கு உதவா. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். கெடாவின் பதினோரு மணித் தாருக்கு ஒருபடி கெட்டியான எண்ணெய் வேண்டும். டயரும் அப்படியே. சோரெக்ஸ் டயர்களில் 28 என்ற எண் மென்மையானது. எங்கள் வெயிலுக்கு 36. மென்மையான டயர் காலையில் பசைபோல் ஒட்டும், நண்பகலில் வழுக்கும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் ஒருநாள் நான் செய்த மடமையைச் சொல்லியாக வேண்டும். காலைச் சுற்றில் நாங்கள் ஐந்தாம் இடம். எனக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் பினியனை 25 ஆக்கினேன், முன் சுருள்வில்லை மாற்றினேன், சாய்வையும் கூட்டினேன். மூன்றாம் சுற்றிலேயே கார் சுழன்றது. நான்காம் நிமிடத்தில் மின்னோடியிலிருந்து புகை. பையன் காரைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் கோபமில்லை.

“சார், மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டீங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு இப்ப எப்படி சார் எழுதுறது?”

புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அவன் வெறுமையாகவே விட்டுவிட்டான். அதன்பின் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் என்பது எங்கள் சட்டம். சில மாதங்கள் கழித்து, பட்டைவாரால் இயங்கும் விலையுயர்ந்த கார்களுக்கு நடுவே எங்கள் டி.டி.01 மூன்றாம் இடம் பெற்றது. அதுவே எங்கள் உச்சம்.

அந்த நிறுத்துமிடத்தின் வடகோடியில், எங்கள் வளைவுகளுள் மிகக் கடினமானது இருந்த இடத்தில், ஒரு பெரிய மழைமரம் நின்றது. பந்தயம் பார்க்க ஒருமுறை என் தாயாரை அழைத்து வந்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்தார். அந்த மரத்தடியில்தான் தம் இளமையில் பால் வாளிகளை இறக்கி நிறுப்பார்களாம். அதுவரை நான் அதனை அறியேன். அந்தக் கடைவரிசை நிற்பது பழைய தோட்டத்து நிலம் என்பது தெரியும். இன்ன இடம் என்பது தெரியாது. அன்று அந்த வளைவில் நான் இருமுறை எல்லைக் குழாயில் மோதினேன்.

நாளடைவில் கடைகள் நிரம்பின, ஞாயிறன்றும் வண்டிகள் நின்றன, பந்தயம் நின்றது. மரத்தையும் பின்னர் வெட்டிவிட்டனர். பையன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டான். மேலே படி என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் உண்டு. இன்று கூலிம் வட்டாரத்தில் ஒரு டயர் கடையில் சக்கரச் சீரமைப்புப் பிரிவு அவன் பொறுப்பில் உள்ளது. கணினித் திரையில் கோணங்கள் தெரிந்தாலும், வண்டியை இறக்கியபின் டயரின் உள்விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறான். என் பழைய மைவியின் முன்சக்கரங்களையும் அவன்தான் பார்க்கிறான். பணம் வாங்க மறுக்கிறான், சண்டையிட்டுத் தான் கொடுக்க வேண்டியுள்ளது.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. கரப்பான் அரித்த அட்டை. 46 பக்கங்களில் குறிப்பு. ஒரு பக்கம் வெறுமை. அந்நாளில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் பகுதிகளில் இத்தகைய நிறுத்துமிடப் பந்தயங்களில் ஓடிய அன்பர்கள் எவரிடமேனும் படமோ, மழைமரம் தெரியும் ஒரு துண்டு ஒளிக்காட்சியோ இருப்பின், அருள்கூர்ந்து எனக்குத் தெரிவிக்கவும்.